தலையை எண்ணினால் போதுமா?

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் பாலக்காட்டு மாவட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. டீக்கடை பெஞ்சிலிருந்து சட்டசபை வரைக்கும் அது பேசப்பட்டது. "மனிதன் பெரிதா, குரங்கு பெரிதா?" என்பதே அந்தக் கேள்வி.

மண்ணார்க்காட்டுக்கு மேலே, குந்திப்புழை ஓடும் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டார்கள். 1973-ல் திட்டக் குழு அனுமதி கொடுத்தது. அணை வந்தால் மழைக்காடு மூழ்கும், அங்கே வாழும் சிங்கவால் குரங்குக்குப் போக்கிடம் இராது என்று ஒரு சாரார் எதிர்த்தார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகச் சென்று விளக்கியது. பறவை நிபுணர் சாலிம் அலி, வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன், மலையாளக் கவிஞர் சுகதகுமாரி ஆகியோர் குரல் கொடுத்தார்கள். மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும் என்று மறுபக்கம் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் பிரதமர் இந்திரா காந்தி காலத்தில் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பர் 7-ந் தேதி ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார்.

அத்துடன் வழக்கு முடிந்தது, குரங்கு ஜெயித்தது என்றே நம்மில் பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் வழக்கின் முதல் பாகம்தான் முடிந்திருக்கிறது. காட்டைக் காப்பாற்றியாயிற்று, குரங்கின் தலையைக் காப்பாற்றியாயிற்று. அதன் வம்சத்தைக் காப்பாற்றி விட்டோமா என்பது இரண்டாவது பாகம். அந்த விசாரணை பாலக்காட்டிலும் இடுக்கியிலும், நடுவே வால்பாறையிலும் இன்று நடந்து கொண்டிருக்கிறது. சாட்சி சொல்ல வேண்டியவர்களில் நாமும் உண்டு. இந்த மலைகளில் தேயிலை கிள்ளுவதும் ஏலம் பறிப்பதும் பெரும்பாலும் தமிழர்களே அல்லவா?

ரிஜிஸ்தரும் சிக் லைனும்

சிங்கவால் குரங்கைப் பலரும் கருங்குரங்கோடு குழப்பிக் கொள்கிறார்கள். கருங்குரங்கு இலை தின்னும் நீண்ட வால் ஜாதி. 'லேகியம்' என்ற பெயரில் ஒரு காலத்தில் கொன்று குவிக்கப்பட்டதும், 1972-ம் வருஷத்து வன உயிர்ச் சட்டத்தால் காப்பாற்றப்பட்டதும் அதுதான். சிங்கவால் குரங்கு வேறு. மலையாளத்தார் சிங்ஹவாலன் என்பார்கள். நம்மவர் சோலை மந்தி என்பார்கள். உடம்பெல்லாம் கறுப்பு. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி. வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல் ஒரு குஞ்சம். தரையில் இறங்க விரும்பாது. மழைக்காட்டின் உச்சாணிக் கிளைகளே அதன் வீதி. வெடிப்பலாக் காயைப் பிளந்து தின்பதில் அதற்கு அலாதிப் பிரியம்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த ஜாதி இயற்கையாக இல்லை. கர்நாடகத்துச் சிர்சிப் பக்கத்திலிருந்து திருநெல்வேலிக் களக்காடு வரை, விட்டு விட்டு வாழ்கிறது. அதற்காகவே 1976-ல் களக்காட்டில் சரணாலயம் ஏற்படுத்தினார்கள். எல்லாவற்றையும் கூட்டினாலும் நாலாயிரத்துக்குள்தான் இருக்கும் என்பது நிபுணர்களின் மதிப்பீடு.

நாலாயிரம் என்றால் பரவாயில்லையே என்று தோன்றலாம். ரயில்வேயில் வேலை பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கில் உள்ள ஓட்டை உடனே தெரியும். ரிஜிஸ்தரில் நூறு வாகன் என்று இருக்கும். அதில் சில சிக் லைனில் நிற்கும். சில எங்கோ ஒரு சைடிங்கில் மாட்டிக் கொண்டு, வெளியே வரப் பாதையில்லாமல் துருப்பிடிக்கும். காகிதத்தில் நூறு, சரக்கு ஏற்றிக் கொண்டு ஓடுவது எத்தனையோ அதுவே நிஜக் கணக்கு.

சிங்கவால் குரங்கின் கதையும் அப்படித்தான். பதினைந்து இருபது உருப்படி உள்ள ஒரு கூட்டத்தில் வயது வந்த ஆண் பெரும்பாலும் ஒன்றுதான். சில இடங்களில் இரண்டு மூன்று. அடுத்து பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் தகப்பன் அந்த ஒன்றிரண்டே. பெண் குரங்கு ஆறேழு வயதில்தான் முதல் குட்டி போடும். ஒரு தடவைக்கு ஒரு குட்டி. அடுத்ததற்கு இரண்டரை வருஷத்துக்குக் குறையாது. ஆகவே எண்ணும்போது நூறு தலை தெரிந்தாலும், வம்சத்துக்குப் புதுச் சரக்கு சேர்ப்பவை கொஞ்சமே. அந்தக் கொஞ்சமும் வெளித்தொடர்பில்லாத சோலையில் அடைபட்டால் சைடிங்கில் நிற்கிற வாகனுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பிழைக்கப் போகும் ஆண்

இந்த ஜாதியில் பெண் பிறந்த கூட்டத்தை விட்டுப் போவதில்லை. பாட்டி, தாய், மகள், பேத்தி என்று ஒரே கூட்டத்தில், ஒரே சோலையில் ஆயுள் முழுவதும் கழியும். ஆண் வளர்ந்ததும் வெளியேறும். தனியாகக் கிளை கிளையாய்ப் போய், அடுத்த சோலையில் வேறொரு கூட்டத்தைக் கண்டுபிடித்து, அங்கே இடம் பிடிக்கும். அதற்குள் பட்டினியும் சண்டையும் நிறைய உண்டு. ஊரை விட்டுப் பிழைக்க வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பயணத்தை இயற்கை வீணாக ஏற்படுத்தவில்லை. வெளியூர் ஆண் வருவதால்தான் கூட்டத்தில் புது ரத்தம் சேர்கிறது. வராவிட்டால் அண்ணன் தங்கை, தகப்பன் மகள் முறை பாராமல் இனம் பெருகும். நம் குடும்பங்களில் சொந்தத்தில் பெண் எடுப்பது வழக்கம்தான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஒரே இரண்டு வீட்டுக்குள் கொடுத்து வாங்கினால் குழந்தைகளுக்குக் குறை வரலாம் என்று இன்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். நமக்காவது எச்சரிக்க டாக்டர் இருக்கிறார், ரயில் ஏறிப் போய் வேற்றூரில் சம்பந்தம் பேச வழியிருக்கிறது. குரங்குக்குக் கிளைதான் ரயில் பாதை. கிளை அறுந்தால் பயணம் ரத்து.

ஒரே ரகம் நட்ட வயல்

ரத்தம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். விஞ்ஞானிகள் அதை மரபணு என்கிறார்கள். ஒவ்வோர் உயிரின் உயரம், நிறம், நோயைத் தாங்கும் சக்தி எல்லாவற்றுக்கும் தாய் தகப்பனிடமிருந்து வந்த எழுத்து அது. ஒரே ஜாதிக்குள்ளும் இந்த எழுத்து ஆளுக்கு ஆள் சிறிது மாறும். அந்த மாறுதலின் அளவையே மரபணுப் பன்மை என்கிறார்கள்.

பாலக்காட்டில் நெல் விளைவிக்கும் எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான். ஊர் முழுக்க ஒரே ரகம் நட்டால், அந்த ரகத்துக்குப் பிடித்த பூச்சி ஒன்று வந்தால் போதும், ஊர் முழுக்கப் போய்விடும். நாலு ரகம் இருந்தால் ஒன்றாவது தப்பும். சென்ற நூற்றாண்டில் ஆசிய நாடுகளின் நெல்லை ஒரு குட்டை நோய் தாக்கியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரக்கணக்கான ரகங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயைத் தாங்கும் குணம் இந்தியாவில் சேகரித்த ஒரு காட்டு நெல்லில்தான் கிடைத்தது. யாரும் சீண்டாத அந்தப் புல் அழிந்து போயிருந்தால் அந்த மருந்தும் அழிந்திருக்கும்.

குரங்குகளுக்கும் அப்படிப்பட்ட நாள் வரலாம். 1957-ல் கர்நாடகத்தில் சிவமொக்கா ஜில்லாவின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடிக்கப்பட்ட குரங்குக் காய்ச்சல், பிறகு வயநாடு வரைக்கும் வந்திருக்கிறது. உண்ணி வழியாகப் பரவும் அந்தக் காய்ச்சல் மனிதனையும் விடுவதில்லை. சிங்கவால் குரங்கின் காட்டில் ஏதாவது ஒரு புதிய நோய் புகுந்தால், பலவகை எழுத்துள்ள கூட்டத்தில் சில பிழைக்கும். ஒரே எழுத்துள்ள கூட்டம் மொத்தமாகப் போகும்.

பிரேசில் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பொன் நிறப் பிடரியோடு ஒரு சிறிய குரங்கு ஜாதி உண்டு. 1970-களின் தொடக்கத்தில் காட்டில் சுமார் 200 மட்டுமே மிஞ்சியிருந்தன. 1984 முதல் மிருகக்காட்சி சாலைகளில் பிறந்த குட்டிகளைக் காட்டில் விட்டார்கள். எதற்கு எது ஜோடி என்பதை வம்சாவளிப் பதிவேடு வைத்து, ஏறக்குறைய ஜாதகம் பார்ப்பது போலப் பார்த்துச் சேர்த்தார்கள். 2014-ல் எண்ணிக்கை 3,700-ஐ எட்டியது. அதற்குப் பின் மஞ்சள் காய்ச்சல் வந்தது. ஐந்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போய் 2,500 ஆயிற்று. அவர்கள் சோர்ந்து விடவில்லை. துண்டு துண்டான காடுகளுக்கு நடுவே மரம் நட்டு இணைத்தார்கள். 2020-ல் தேசிய நெடுஞ்சாலைக்கு மேலே மண் கொட்டி, மரம் வளர்த்து, மிருகங்களுக்கென்றே ஒரு பாலம் கட்டினார்கள். 2023 கணக்கெடுப்பில் 4,800 என்று வந்தது. எண்ணிக்கையோடு வழியையும் சேர்த்துக் காத்ததன் பலன் அது.

கணவாய் போட்ட பிரிவு

நம் ஊருக்கு வருவோம். வாளையாரில் தொடங்கி மேற்கே விரியும் பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம். 1862-ல் மதராஸ் ரயில்வே மேற்குக் கரைக்குப் பாதை போட்டு முடித்தபோது மலையைக் குடையாமல் தப்பித்தது இதனால்தான். கிழக்குக் காற்றும், ரயிலும், லாரியும், நாமும் இதன் வழியாகவே கேரளத்துக்குள் வருகிறோம். மனிதனுக்கு வாசல். ஆனால் மழைக்காட்டை விட்டு இறங்காத உயிருக்கு இதுவே மதில். வறண்ட சமவெளியைக் கடந்து சிங்கவால் குரங்கு நீலகிரிப் பக்கத்திலிருந்து ஆனைமலைப் பக்கம் போக முடியாது.

எத்தனை காலமாக முடியவில்லை என்பதை ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் மற்ற நிபுணர்களோடு சேர்ந்து ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குக் குரங்கைப் பிடித்து ஊசி குத்த வேண்டும் என்பதில்லை. மரத்தடியில் விழுந்த எச்சத்தைப் பொறுக்கிச் சேர்த்தாலே, அதில் ஒட்டியிருக்கும் குடல் அணுக்களிலிருந்து மரபணுவைப் பிரித்துப் படித்து விடுகிறார்கள். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு இறங்கும் ஒருவகை எழுத்து உண்டு. அதை வைத்துப் பார்த்தபோது கணவாய்க்கு வடக்கே ஒரு கிளை, தெற்கே ஒரு கிளை என்று வம்சம் இரண்டாகப் பிரிந்து நின்றது. பிரிந்து சுமார் 20 லட்சம் ஆண்டுகள் ஆயின என்பது அவர்கள் கணக்கு. அமைதிப் பள்ளத்தாக்குக் குரங்கும் நெல்லியாம்பதிக் குரங்கும் ஒரே பாலக்காடு மாவட்டத்துப் பிரஜைகள். ஆனால் மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே பாகப் பிரிவினை செய்து கொண்ட பங்காளிகள்!

குரங்கு மட்டுமல்ல. மூணாற்றுக்குப் பக்கத்தில் இரவிகுளத்தில் நாம் பார்க்கிற வரையாடும், நீலகிரி முக்கூர்த்தியில் உள்ள வரையாடும் இதே கணவாயால் மரபணுவில் பிரிந்தவைதாம். 2005-ல் வெளியான யானை ஆராய்ச்சி இன்னொரு பாடம் சொன்னது. ஆசிய யானைகளின் மிகப் பெரிய தொகுதி நீலகிரியைச் சுற்றியே இருக்கிறது. அங்கே சோதித்த யானைகளில் தாய்வழி ஒன்றே ஒன்றுதான் தென்பட்டது. தலை மிகுதியாக இருப்பதும் வகை மிகுதியாக இருப்பதும் ஒன்றாகா என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தோட்டம் போட்ட பிரிவு

கணவாய் என்பது இயற்கை போட்ட பிரிவு. அதற்கு அப்பால் மனிதன் போட்ட பிரிவு ஒன்று இருக்கிறது. அதற்கு வயது நூற்றைம்பது வருஷத்துக்குள்தான்.

1877-ல் பூஞ்ஞாறு அரசரிடம் ஜான் டேனியல் மன்றோ என்ற துரை கண்ணன் தேவன் மலைகளுக்கு உரிமை எழுதி வாங்கினார். 1890-களில் வால்பாறையிலும் காடு வெட்டத் தொடங்கினார்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், கோயம்புத்தூர்ப் பக்கங்களிலிருந்து கங்காணி பின்னால் வந்த நம் முன்னோர்களின் கையில் துரைமார் கோடரியைக் கொடுத்தார்கள். காய்ச்சலில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. காடு போய்த் தேயிலை வந்தது. வெட்டியவனுக்குக் கிடைத்தது ஒரு லயத்து அறை. அந்தப் பாவத்தை இன்று தொழிலாளி தலையில் ஏற்றுவது அநியாயம். ஆனால் விளைவை மறுக்க முடியாது. பச்சைக் கடலாகத் தெரியும் தேயிலைக்கு நடுவே சோலைகள் தீவுகளாக மிஞ்சின. நூற்றுச் சொச்சம் வருஷம் என்பது குரங்குக்குப் பத்துத் தலைமுறைக்கு மேல். அத்தனை தலைமுறையாகப் பல தீவுகளில் வெளியூர் மாப்பிள்ளையின் வரவு அபூர்வமாகி விட்டது.

வால்பாறை நகரத்தை ஒட்டிய புதுத்தோட்டத்தில் அப்படி ஒரு சோலைத் துண்டு இருக்கிறது. நூறு ஹெக்டேருக்கும் குறைவு. அங்கே சில பத்துகளாக இருந்த சிங்கவால் குரங்குகள் பெருகி நூற்றைத் தாண்டிவிட்டன. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுற்றிலும் தேயிலை, ரோடு, கடைவீதி. உள்ளே பிறந்த ஆண் வெளியேறினால் லாரிச் சக்கரம். வெளியிலிருந்து புது ஆண் வருவது அரிது. ஒரு கைப்பிடிக் குரங்கின் பேரப்பிள்ளைகளே இந்த நூறும் என்றால், கணக்கெடுப்பில் ஏறிய எண் வம்சத்தின் பலத்தைக் காட்டுமா?

தேயிலைக்கு வெயில் வேண்டும், காட்டை மழித்தாக வேண்டும். ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆகவே உடும்பன்சோலையிலும் பீர்மேட்டிலும் நெல்லியாம்பதியிலும் ஏலத் தோட்டங்களில் பழைய மரங்கள் நின்றன. கிளைப் பாதையும் அங்கங்கே நின்றது. ஆனால் மரத்தடியில் செடிகளைச் சுத்தமாக வெட்டி விடுவதால் புதுக் கன்று முளைப்பதில்லை. கிழட்டு மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வாரிசு இல்லை. நட்டால் சில்வர் ஓக் நடுகிறார்கள். அதில் குரங்குக்குப் பழமும் இல்லை, படர்ந்த கிளையும் இல்லை.

இனிதான் முக்கியமான விஷயம். கணவாய் போட்ட பிரிவை நாம் கலைக்கக் கூடாது. தோட்டம் போட்ட பிரிவை நாம் தைத்தாக வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் உதவி என்று நினைத்துச் செய்வதே கெடுதலாக முடியும். 'அங்கே குறைவு, இங்கே அதிகம், லாரியில் ஏற்றி அனுப்பு' என்ற யோசனை அப்படிப்பட்டது. வடக்குக் கிளையைத் தெற்கே கொண்டுபோய்க் கலந்தால் 20 லட்சம் ஆண்டுக் கணக்கை ஒரே ராத்திரியில் அழித்தவர்கள் ஆவோம். டவுனில் தொல்லை தரும் நாட்டுக் குரங்கைப் பிடித்து மலையில் கொண்டு விடும் வழக்கமும் இதே ரகந்தான். எந்த ஊர்க் குரங்கு, என்ன நோய் என்று பாராமல் விடுவதால் காட்டுக் குரங்குக்குப் போட்டியும் நோயும் போய்ச் சேரலாம். விட்டவை பசியோடு அடுத்த லயத்துக்கு வரும்.

லயத்து அடுப்பங்கரை

இவ்வளவு சொன்ன பிறகு நம்மவர் ஒருவர் கேட்பார்: "ஏன் சார், நான் காலையில் கொழுந்து கிள்ளப் போனதும் அது ஓட்டைப் பிரித்து இறங்கி அரிசியைக் கொட்டிவிட்டுப் போகிறதே, என் வீட்டுக் கணக்கை யார் எழுதுவது?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மரபணு பேசுவது பசித்தவனுக்கு உபதேசம் செய்வது போலத்தான். காடு சுருங்கியதும், குப்பை பெருகியதும், டூரிஸ்டுகள் செல்போனில் படம் எடுப்பதற்காகப் பிஸ்கட் வீசுவதும் சேர்ந்துதான் உச்சாணிக் கிளையில் வாழ்ந்த பிராணியை அடுப்பங்கரைக்கு இறக்கியிருக்கின்றன. இதில் தொழிலாளியின் பங்கு மிகக் குறைவு. நஷ்டமோ முழுக்க அவனுடையது. லயத்து ஜன்னலுக்குக் கம்பி வலை, கூரைக்குப் பழுது, மூடியுள்ள குப்பைத் தொட்டி ஆகியவற்றுக்கு எஸ்டேட் நிர்வாகமும் பஞ்சாயத்தும் பொறுப்பேற்க வேண்டும். போன அரிசிக்கும் உடைந்த ஓட்டுக்கும் வன இலாகா அலைக்கழிக்காமல் நஷ்ட ஈடு தர வேண்டும். 'மனிதன் பெரிதா குரங்கு பெரிதா' என்ற பழைய கேள்வி மறுபடி தலைதூக்கினால் குரங்கு தோற்கும். அந்தக் கேள்வியே எழாமல் பார்த்துக் கொள்வது சர்க்காரின் கடமை.

நம் பங்குக்கு நாமும் செய்ய வேண்டியது உண்டு. பாவம் என்று சோற்றை வைத்துப் பழக்குவது புண்ணியம் ஆகாது. கைச் சோறு தின்று பழகிய குரங்கு ரோட்டோரத்திலேயே நிற்கும். அடுத்த சோலைக்குப் புறப்பட வேண்டிய ஆணும் அங்கேயே தங்கி, ஒரு நாள் பஸ்ஸில் அடிபடும். ஒரு சோலைக்கு மாப்பிள்ளையாகப் போயிருக்க வேண்டியவன் ரோட்டில் செத்தான் என்றால், போனது ஒரு தலை அல்ல. இன்னொரு கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய புது ரத்தம் போயிற்று.

செய்ய வேண்டியவை

வால்பாறைச் சாலையில் மரத்துக்கு மரம் குறுக்கே கட்டிய பாலங்கள் குரங்குகள் கடக்க உதவுகின்றன. மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வன இலாகாவோடு சேர்ந்து இதைச் செய்கிறது. சோலைத் துண்டுகளில் காட்டு மரக் கன்றுகளையும் நட்டு வருகிறது. பெரிய அணைக்கு ஆகும் செலவில் இது தூசி. இதே ஏற்பாடு இடுக்கி மலைச் சாலைகளிலும் நெல்லியாம்பதிச் சாலையிலும் தேவையான இடமெல்லாம் வர வேண்டும். சாலையை அகலப்படுத்தும்போது இரு பக்கமும் கை கோத்து நிற்கும் மரங்களை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு கயிறு கட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது.

ஏலத் தோட்டக்காரர்கள் ஏக்கருக்கு இத்தனை காட்டு மரக் கன்று என்று வளர்க்கும்படி செய்ய வேண்டும். வெடிப்பலா, ஆஞ்சிலி, அத்தி போன்றவை நிழலும் தரும், பழமும் தரும். இதற்கு வெறும் உத்தரவு போதாது. ஏலம் வாங்குகிறவர்களும் ஸ்பைசஸ் போர்டும் அப்படி வளர்ப்பவர்களுக்கு ஏதேனும் ஒரு சலுகை காட்டினால் வேலை நடக்கும்.

மூன்றாவது, இரண்டு மாநிலக் கணக்கையும் ஒன்றாக எழுதுவது. பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது. அதற்குப் போகும் ரோடு பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டு வழியாகப் போகிறது. 2007-ல் ஆனைமலையும் 2010-ல் பரம்பிக்குளமும் தனித்தனிப் புலிகள் காப்பகங்கள் ஆயின. காடு ஒன்றுதான். ஆண் குரங்குக்குச் செக் போஸ்ட் கிடையாது. இரண்டு மாநிலக் கோப்புகளுக்கும் நடுவில் மட்டும் ஏன் செக் போஸ்ட்? எந்தச் சோலையில் எத்தனை தலை என்பதோடு, எந்தச் சோலையின் வம்சம் எதோடு கலந்திருக்கிறது, எது தனித்துப் போயிற்று என்பதையும் எச்சம் சேகரித்து ஹைதராபாத்தில் சோதித்து, இரு இலாகாக்களும் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். எந்த இரண்டு சோலைக்கு நடுவில் முதலில் மரம் நட வேண்டும் என்பதை அந்தப் பதிவேடே சொல்லிவிடும். மிருகக்காட்சி சாலைகளும் வடக்குக் கிளை எது, தெற்குக் கிளை எது என்று பார்த்தே ஜோடி சேர்க்க வேண்டும்.

பூங்காவைச் சுற்றியுள்ள காட்டில் சுமார் 148 சதுர கிலோமீட்டரை 2007-ல் அதற்குத் தாங்கு மண்டலமாக ஆக்கினார்கள். நல்ல காரியம். அதைப் போல ஒவ்வொரு தோட்டத்து ஓரத்திலும் ஒரு வரிசை மரம் சேர்ந்தால் அது இன்னும் பெரிய காரியம்.

யூனியன் கூட்டங்களில் போனஸ், கூலி, லயம் பழுது பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் ஜன்னல் வலையையும் குப்பைத் தொட்டியையும் இன்றே சேர்க்கலாம். அதற்குக் கீழே, சோலையோரத்தில் நடக் காட்டு மரக் கன்று வேண்டும் என்று இன்னும் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? கன்று பெரிய மரமாகிக் குரங்கு தாவும் அளவுக்குக் கிளை விட வருஷக்கணக்கில் ஆகும். ஆகவே அடுத்த இடவப்பாதி மழையைத் தவற விடுவது, ஒரு முழு வருஷத்தைத் தவற விடுவதாகும்.